பிறந்த வீட்டுப் பங்கு

இராயபுரம்,
14-9-1971

அன்புள்ள எல்சி அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், பின்பக்கம் துணி துவைக்கும் கல்லை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன், உன் மூட்டுவலி எப்படி? அத்தானுக்கு டியூட்டி நேரம் மாறியதா? ரோசலினுக்கு வந்த வரன் என்ன ஆயிற்று? மாதாவின் தயவில் நான் சௌக்கியம்.

ஒரு வாரமாக அந்தக் கல்லின் மேல் யாரோ மீன் வைத்துவிட்டுப் போகிறார்கள். விடிவதற்குள் வந்து, பனையோலையில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள். ஒரு நாள் வவ்வால், ஒரு நாள் சங்கரா. நல்ல மீன்கள். சந்துக் கதவுக்குத் தாழ் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அங்கிருந்து கல் வரைக்கும் ஈரச் சுவடு இருக்கிறது. ஆளை நான் பார்க்கவில்லை.

என் வகுப்பில் படித்த புஷ்பவல்லியின் வீட்டார்தான் என்று நினைக்கிறேன். அவள் அப்பா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். பரீட்சைக்கு முன் அவளுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பெயில் ஆகிவிடுவாள் என்றிருந்தவள் பாஸானாள். நேரில் கொடுத்தால் மறுத்துவிடுவேன் என்று இப்படிச் செய்கிறார்கள் போலிருக்கிறது. அன்போடு வைத்ததைத் தொடாமல் விடுவது அவமதிப்பு அல்லவா? முதல் நாளே எடுத்துக் குழம்பு வைத்தேன்.

அப்பாவும் போய், தம்பியும் பம்பாய்க்குப் போன பிறகு இந்த வீட்டில் என் ஒருத்தியின் சத்தம்தான். லியோனார்டு உனக்கு மட்டும் எழுதுகிறான். எனக்கும் ஒரு வரி எழுதச் சொல். அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன் என்றும் சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.
உன் தங்கை,
ஃப்ளோரா

*

கரக்பூர்,
30-9-1971

அன்புத் தங்கை ஃப்ளோராவுக்கு,

கர்த்தர் உனக்குப் புத்தியும் சுகமும் தரட்டும். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முட்டிதான் படி ஏற விடவில்லை. ரோசலினைப் பார்க்க அடுத்த மாதம் வருகிறார்கள். பையனுக்கு ரயில்வேயில் வேலை. குடும்பத்தைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள்.

மீன் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பி.ஏ. படித்து என்ன? உலகம் தெரியவில்லையே உனக்கு. சும்மா யாரும் எதையும் கொடுப்பதில்லை. நானும் கொடுத்ததில்லை, நீயே அறிவாய். தனியாக ஒரு பெண், சொந்த வீடு. இன்றைக்கு மீன் வைப்பார்கள், நாளைக்குச் சந்துப் பக்கம் ஒரு குடிசை போட இடம் கேட்பார்கள். கதவுக்குத் தாழ் போடு. மீனைத் தொடாதே.

லியோனார்டு பம்பாயில் சௌக்கியம். அடிக்கடி ஜாகை மாற்றுகிறான், அதனால் விலாசம் கேட்காதே.

அந்த ஓலை முடிச்சு எப்படி இருந்தது? எண்ணூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது உன்னை வந்து பார்த்தார்களா? உடனே எழுது.

இப்படிக்கு,
எல்சி

*

இராயபுரம்,
3-11-1971

அன்புள்ள அக்கா,

நேற்றுக் கல்லறைத் திருநாள். அப்பா, அம்மா இருவருக்கும் உன் பேரிலும் மெழுகுத்திரி ஏற்றினேன். இந்த மழையிலும் அது அணையவில்லை. உன் முட்டிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துப் பார்.

புஷ்பவல்லியின் அம்மாவை வழியில் பார்த்து, நன்றி சொல்லலாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்தேன். "எங்க வூட்ல மீனு கீதும்மா, நா இல்லைங்கல. ஆனா நாங்க யாரும் கொண்டாந்து வெக்கல" என்றாள். அன்றைய ஓலையைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. எட்ட நின்று பார்த்தாள்.

"முடிச்ச பாத்தா எண்ணூர்ப் பக்கம் கட்டறா மாறி கீது. இத்த நீங்க ஆக்கித் துன்னீங்களாம்மா?"

"ஆமாம். மொத நாள்லேருந்து."

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப சரி. மன்ச தேத்திகினீங்க" என்றாள். கொடுத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். எதற்கு மனதைத் தேற்ற வேண்டும்? கேட்பதற்குள் தெரு முனை தாண்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாளுக்கு வேறு சந்தேகம். "இன்னாடி ஃப்ளோரா, நாப்பத்தி நாலு வயசுல எவனோ ஒன்ன மீனப் போட்டு இழுக்கறான். என் காலத்துல அல்வா வாங்கிக் குடுப்பானுங்கோ" என்று தெருவே கேட்கச் சிரித்தாள். உனக்கு அது வீட்டுக்குப் போட்ட தூண்டில். அவளுக்குக் காதல். எனக்கு நன்றி. ஒரே மீனைத்தான் மூவரும் பேசுகிறோம். அவரவர் எப்படியோ அப்படித்தான் மற்றவரும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம் போலிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். என் முதல் கடிதத்தில் நான் எண்ணூர் என்று எழுதவே இல்லை. உனக்கு எப்படித் தோன்றியது?

அன்புடன்,
ஃப்ளோரா

*

கரக்பூர்,
12-12-1971

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

யுத்தத்தால் இங்கே விளக்கணைப்பு, தபாலும் தாமதம். மற்றபடி எல்லோரும் சுகம். உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

ரோசலினின் வரன் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அத்தான் ஒரு யோசனை சொல்கிறார். அந்த வீட்டை விற்றுவிட்டு நீ எங்களோடு வந்து இருந்தால் என்ன? இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. யோசித்துப் பார்.

லியோனார்டும் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னான்.

அந்த மீனைச் சாப்பிடாதே.

எல்சி

*

இராயபுரம்,
3-1-1972

அன்புள்ள அக்காவுக்குப் புது வருட வாழ்த்து. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் சொல். குளிருக்கு உன் முட்டி எப்படி இருக்கிறதோ?

வீட்டைப் பற்றி யோசிக்கிறேன். தம்பியைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது?

கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரமும் முறுக்கும் செய்தேன். வாங்கிக்கொண்டே இருப்பது உறுத்தியது. ஒரு தட்டில் வைத்து, துணி மூடி, அந்தக் கல்லின் மேல் வைத்தேன். காலையில் தட்டு இல்லை. இரண்டு நாள் கழித்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிய தட்டு மீனோடு திரும்பி வந்திருந்தது. அதில் வெற்றிலை, மஞ்சள், பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று. எனக்கு யார் வளையல் கொடுத்திருக்கிறார்கள், சொல். சிரிக்காதே, போட்டுக்கொண்டேன். கரும்பலகையில் எழுதும்போது மெல்லச் சத்தம் கேட்கிறது.

எண்ணூரைப் பற்றி நீ பதில் எழுதவில்லை.

அன்புடன்,
ஃப்ளோரா

*

இராயபுரம்,
26-2-1972

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ரோசலினுக்குப் பூ வைத்ததாகச் சிலுவையம்மாளின் மருமகன் வழியாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சொல்லாதது வருத்தம்தான். போகட்டும், சந்தோஷம்.

பொங்கல் கழிந்ததிலிருந்து மீன் கொண்டுவரும் ஆள் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சின்னப் பாதம், பெண்ணுடையதாக இருக்கும். இப்போது பெரியது. காய்ந்த பிறகும் தரையில் உப்புப் பூத்து நிற்கிறது, பெருக்கினால் போவதில்லை. வரும் சுவடு மட்டும் இருக்கிறது. திரும்பிப் போகும் சுவடு இல்லை. ஓலையும் இல்லை, முடிச்சும் இல்லை. வெறும் கல்லில் ஒரு கை மீன் கிடக்கிறது. தொட்டால் ஐஸ்போலக் குளிர்கிறது.

எல்லா நாளும் காரப்பொடி. கருவாட்டுக்கும் கோழித் தீனிக்கும் போகிற அந்த முள் மீனை யார் அக்கா பரிசாகக் கொடுப்பார்கள்? எனக்கு அதுதான் உயிர் என்று தெரிந்தவர்கள் அப்பா, நீ, தம்பி மூவர்தான். அப்பா கல்லறையில் இருக்கிறார். நீ கரக்பூரில் இருக்கிறாய்.

வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடியவன் நடை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

அவன் விலாசம் எனக்கு வேண்டும்.

ஃப்ளோரா

*

இராயபுரம்,
17-4-1972

அக்கா,

உன் சுகத்தை விசாரித்துத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. மன்னித்துக்கொள்.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்ததும் டோல்கேட்டில் பஸ் மாறி எண்ணூருக்குப் போனேன். ஓலை முடிச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனேன். குப்பத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என் வளையலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"வா டீச்சரம்மா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஏ குணசுந்தரி, உன் நாத்தனா வந்துகீது பாரு!"

அவள் பெயர் பவுனம்மாள். உள்ளேயிருந்து வந்த குணசுந்தரி அவள் மகள். இடுப்பில் ஆண் குழந்தை. அப்பாவின் நெற்றி, அப்படியே அப்பாவின் நெற்றி.

நம் தம்பி பம்பாய்க்குப் போகவே இல்லை. எண்ணூரில் தேசப்பன் என்பவரின் லாஞ்சில் வலை இழுத்தான். குணசுந்தரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தான். போன ஆடிக் காற்றில் வலைக் கயிற்றில் கால் மாட்டிக் கடலில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். கார்டு போட்டார்களாமே.

"பெரியக்காவுக்குச் சொல்லிட்டா சின்னக்காவுக்குச் சொன்னா மாறிதானம்மா?" என்றார், நான் வந்ததைக் கேட்டு அங்கே வந்த தேசப்பன். அக்கா தங்கைக்கு மறைப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

மீனைப் பற்றிக் கேட்டேன்.

"மத்த குப்பத்துல எப்டியோ, எங்க லாஞ்சு ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் கீது. கடல்ல போனவனுக்கும் பங்கு உண்டு. பொண்டாட்டி வூட்டுக்குப் பாதி, பொறந்த வூட்டுக்குப் பாதி. வாயத் தொறக்காம வெச்சிட்டு வந்துறணும். பொறந்த வூடு அத்த எடுக்காம வுட்டா, எங்க புள்ள உசுரோட கீறான்னு அர்த்தம். நாங்க தேடிகினே இருப்போம். எடுத்துக்கினா, போனவன் போய்ட்டான்னு வூடே ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்."

"நான் எடுத்தேனே" என்றேன்.

"மொத நாளே எடுத்துகினீங்க. பவுனம்மா வந்து சொல்லிச்சு. பொறந்த வூடே வுட்ருச்சு, நாம இன்னா பண்றதுன்னு நாங்களும் தேடறத வுட்டோம்."

அக்கா, நான் அதைக் குழம்பு வைத்தேன். மீந்ததை மறுநாள் சுட வைத்தும் சாப்பிட்டேன்.

வளையல், குணசுந்தரியின் வளைகாப்பு வளையல். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்களாம். பள்ளிக்கூடத்துக்கு நான் அதைப் போட்டுக்கொண்டு போவதைப் பவுனம்மாள் கூடையோடு எதிரே வரும்போது பார்த்திருக்கிறாள். குழந்தையை நான் ஏற்றுக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"இப்பவும் வருதே, அது யார் வைக்கிறது?" என்று கேட்டேன். பவுனம்மாளும் தேசப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சொல்றீங்க? புள்ள பொறந்தா லாஞ்சுப் பங்கு புள்ளைக்குப் போயிரும். தையில பொறந்திச்சு. அன்னியோட நிறுத்திட்டோமே" என்றார் தேசப்பன்.

"இன்னிக்குக் காலையிலயும் இருந்துச்சு. காரப்பொடி."

"காரப்பொடிய எவளாவது பங்குல வெப்பாளா? கேவலம்!" என்றாள் பவுனம்மாள். குணசுந்தரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அக்காவுக்குக் காரப்பொடின்னா உசுருன்னு சொல்லிகினே இருப்பாரு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

தேசப்பன் பஸ் நிறுத்தம் வரை வந்தார். "எங்க பங்கு புள்ளைக்கு வந்திருச்சு டீச்சரம்மா. உங்க வூட்டுப் பங்கு இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் அவன் நடப்பான். நா கேக்கல, சொல்றேன்."

குணசுந்தரியும் எதையும் கேட்கவில்லை. "நீங்க கூப்புடுவீங்க அண்ணி, எனக்குத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நானா இருந்தா கூப்ட்டிருப்பேனே" என்றாள்.

நீ பம்பாய் என்று எழுதிய ஒவ்வொரு வரியும் இங்கே பெட்டியில் இருக்கிறது. ஏன் அக்கா?

ஃப்ளோரா

*

கரக்பூர்,
9-6-1972

ஃப்ளோராவுக்கு,

நீ சுகம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

நம் அப்பா லூயிஸ் கிளார்க்கின் மகன் குப்பத்தில் வலை இழுக்கிறான், கோயில் கல்யாணம் இல்லாமல் குடித்தனம் நடத்துகிறான் என்று தெரிந்தால் ரோசலினுக்கு யார் பூ வைப்பார்கள்? அவள் கல்யாணம் முடியும்வரை ராயபுரம் பக்கம் தலைகாட்டாதே என்று அவனுக்கு நான்தான் எழுதினேன். கேட்டுக்கொண்டான். நான் சொல்லி அவன் கேட்டது அது ஒன்றுதான்.

கார்டு வந்தது. நான் நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. செத்துப்போனான் என்று சொன்னால் சொத்தில் பங்கு கேட்கலாம் என்று அவர்கள் ஜோடித்த பொய் என்று நினைத்தேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அவன் அவர்களை விட்டு ஓடிப் பம்பாய்க்கே போயிருப்பான் என்று உனக்கு எழுதினேன். எழுத எழுத நானே நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு அவன் வாழ்த்துச் சொன்னதாக எழுதியபோது, சொன்ன மாதிரியே காதில் கேட்டது.

வீட்டு விஷயமாகப் பத்திரம் அனுப்புகிறேன். கையெழுத்துப் போடு. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காதவள்தான் எல்லாவற்றையும் கேட்கப்போகிறவள்.

இன்னும் காரப்பொடி வருகிறதா? சுவடு கல்லோடு நின்றுவிடுகிறதா, இல்லை அதற்கு மேலும் வருகிறதா? எழுதாமல் இருந்துவிடாதே. கரக்பூரில் கடல் இல்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எல்சி

*

இராயபுரம்,
2-8-1972

தம்பி லியோனார்டுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் இருக்கிறேன்.

இதைத் தபாலில் போட முடியாது. மடித்து, மேலே ஒரு கூழாங்கல்லை வைத்து, துவைக்கும் கல்லில் விட்டுவிடுகிறேன்.

இன்று காலையும் எழுந்ததும் முதலில் பின்பக்கம்தான் போனேன். கல்லில் மீன் இருந்தது. ஆனால் உன் சுவடு கல்லோடு நிற்கவில்லை. வீட்டின் பின்வாசற்படி வரை வந்திருந்தது. இரண்டு பாதமும் கதவைப் பார்த்தபடி. கதவின் தாழ் நனைந்திருந்தது. விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

நீ எதற்கு வருகிறாய்? எல்சி அக்காவைக் கேட்டால் வீட்டைக் கேட்க வருகிறாய் என்பாள். தேசப்பன், பங்குக்காக நடக்கிறாய் என்கிறார். குணசுந்தரியைப் போன வாரம் பார்த்தேன். அவள் சிரித்தாள். "அக்காவுக்கு மீனு குடுக்க வந்திருப்பாரு, வேற இன்னா?" என்றாள். என் மனம் வேறு ஒன்று சொல்கிறது. உன்னை நான் தேடவில்லை, தேடியவர்களையும் நிறுத்திவிட்டேன், அதைக் கேட்க வருகிறாய் என்கிறது. இதில் எது நீ, எது நாங்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரையிலேயே அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். கௌரவம் பார்க்கிறேன் என்று சிலுவையம்மாள் நினைக்கிறாள். நல்லவள், நாள் பார்க்கிறாள் என்று குணசுந்தரி நினைக்கிறாள். உண்மை வேறு. பங்கு போய்ச் சேர்ந்துவிட்டால் நீ நடக்க மாட்டாய் என்றார் தேசப்பன். கல் காய்ந்துவிடும். அதற்காகத்தான், உன் பிள்ளை ஓலைக் குடிசையில் நனைய, நான் விடியற்காலையில் உன் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்கிறவள் என்று என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். அதனால்தான் யாரைப் பார்த்தாலும் கொடுக்கிறவர்களாகவே தெரிந்தார்கள்.

அக்கா அனுப்பிய பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. வரும் ஞாயிறு, பூசைக்குப் போகாமல் எண்ணூருக்குப் போகிறேன். அவளையும் குழந்தையையும் அழைத்து வந்து இந்த வீட்டில் வைத்துக்கொள்வேன். உன் பங்கு அவன் பேருக்கு. என்னுடையதும் எனக்குப் பிறகு அவனுக்கு. இதை அக்காவுக்கு எழுதவில்லை. குணசுந்தரிக்கும் தெரியாது. உயிரோடிருக்கும் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு வரை கதவுக்குத் தாழ் போட மாட்டேன். படி வரை வந்தவன் உள்ளே வர விரும்பினால் வரலாம். கூடத்து உத்தரத்தில் அப்பா உனக்குத் தொட்டில் கட்டிய கொக்கி அப்படியே இருக்கிறது, துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டிருக்கிறேன். வந்து பார்த்துவிட்டுப் போ. திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் நான் முதலில் அந்தக் கொக்கியில் கட்டிய உன் பிள்ளையின் தொட்டிலைத்தான் பார்ப்பேன், கல்லை அல்ல.

அதுவரை, காரப்பொடி வை.

உன் அக்கா,
ஃப்ளோரா